கடலடிக் கிணற்றுக்கு மூடி பொருத்துதல்



நம் கோத்தா திங்கி மாவட்டத்தின் தென்கோடியில் பெங்கெராங் இருக்கிறது. மீனவர் கம்பங்கள் இருந்த அந்தக் கரையோரத்தில் இன்று பெரியதோர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுந்து நிற்கிறது. நாளொன்றுக்கு 3 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் உடையது அது. ஜொகூர் ஆற்றைத் தாண்டி மேற்கே போனால் பாசிர் கூடாங். கடலில் மிதக்கும் எண்ணெய் மேடைகளைக் கட்டும் பட்டறை அங்கே உண்டு. நம் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் இந்த இரு பக்கங்களிலும் வெல்டிங் வேலையும் குழாய் வேலையும் சாரங் கட்டும் வேலையும் பார்க்கிறார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் டன் கணக்கில்தான் பேசுகிறார்கள். தாய்மார்கள் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

டன் கணக்கில் பேசத் தகுந்த ஒன்றுதான் குமுசுட்-காக்காப் என்னும் மேடை. பாசிர் கூடாங்கில் கட்டப்பட்டது. 23,000 டன் எடையுள்ள அதன் மேல்தளத்தைத் தனியாகக் கட்டி முடித்து, ஒரே தூக்காகத் தூக்கி, நான்கு தூண்கள் கொண்ட அடிப்பாகத்தின் மேல் வைத்தார்கள். 2013ஆம் ஆண்டில் அது சபாவுக்குப் புறப்பட்டது. சபாக் கரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில், 1,200 மீட்டர் ஆழமுள்ள கடலில், அது மிதந்து நிற்கிறது. கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர் உயரம். அப்படி இரண்டரைக் கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அந்த இடத்தில் நிறுத்தினாலும் நுனி வெளியே தெரியாது.

மேடையைப் பார்த்து வியப்பவர்கள் பலர். அந்த மேடைக்கு எண்ணெய் தரும் கிணறுகள் எங்கே இருக்கின்றன என்று கேட்பவர் சிலரே. அவை மேடையின் மேல் இல்லை. கடலின் அடித்தரையில் இருக்கின்றன. அவற்றின் வாயில் இரும்பு மூடிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் பல்லாயிரம் கிலோ எடையுள்ள மூடி. "சார், மனிதன் அவ்வளவு ஆழம் போக முடியாதென்றால், நட்டை யார் முடுக்குவது?" என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. இன்றைய நம் பேச்சு அந்தக் கேள்விக்கான விடைதான்.

முதலில், மனிதன் ஏன் போக முடியாது என்பதைப் பார்த்துவிடுவோம். கடலில் பத்து மீட்டர் இறங்கினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மேலும் ஏறக்குறைய ஒரு கிலோ பாரம் கூடுகிறது. 1,200 மீட்டரில் அது 120 கிலோ. அதாவது, சுண்டுவிரல் நகம் அளவுள்ள இடத்தின் மேல் இரண்டு ஆள் ஏறி நிற்பதைப் போன்றது. அழுத்த அறைகளிலேயே நாட்கணக்கில் தங்கிப் பழகிய தொழில்முறை முக்குளிப்போர்கூட 300 மீட்டர் அளவோடு நின்றுவிடுகிறார்கள். 1,200 மீட்டரில் சூரிய வெளிச்சமும் இல்லை. குளிரோ, பனிக்கட்டிக்கு நாலைந்து பாகைதான் மேலே.

கடலடியில் கிணற்று மூடியை அமர்த்தும் வேலை 1961ஆம் ஆண்டில் மெக்சிகோ வளைகுடாவில் தொடங்கியது. அங்கே ஆழம் வெறும் 17 மீட்டர். ஆள் இறங்கிச் சரிபார்க்கக் கூடிய ஆழம். நம் நாட்டில் ஆழ்கடல் எண்ணெய் முதன்முதலாக வந்தது 2007ஆம் ஆண்டில், சபாவுக்கு அப்பால் கீக்கே என்னும் வயலிலிருந்து. அங்கே ஆழம் சுமார் 1,300 மீட்டர். இந்த இரண்டுக்கும் இடையில் தொழில் எவ்வளவு மாறியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் பெரியவர்களுக்குப் பாதாளக் கரண்டி நினைவிருக்கும். கிணற்றில் வாளி விழுந்துவிட்டால், கொக்கிகள் நிறைந்த அந்தக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவுவார்கள். கிணற்று ஆழம் ஐம்பது அடி இருக்கும். மேலே கையை ஒரு சாண் நகர்த்தினால் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. கண் பார்க்காத வேலை. கை உணர்வுதான் துணை. சில நாள் முதல் வீச்சிலேயே வாளி சிக்கும். சில நாள் மாலை வரைக்கும் சிக்காது. இப்போது அந்தக் கிணறு ஐம்பது அடி அல்ல, நாலாயிரம் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றைப் பிடித்திருப்பவர் தரையில் நிற்கவில்லை, ஆடும் படகில் நிற்கிறார். வாளியைத் தூக்குவதற்குப் பதிலாக, ஒரு குடத்தின் வாயில் அதன் மூடியைக் கசிவில்லாமல் பொருத்த வேண்டும். வேலையின் தன்மை இதுதான்.

இந்த வேலையில் முதலாவது, அடித்தரையில் நடும் தடித்த குழாய். அதன் விட்டம் மூன்றடி வரை இருக்கும். கடலடி பெரும்பாலும் இளகிய சேறு. குழாய்க்குள்ளே தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் சேறு கரைந்து வெளியேறும். குழாய் தன் பாரத்தாலேயே இறங்கிக்கொண்டே போகும். இப்படி 60, 80 மீட்டர் வரை இறக்குகிறார்கள். பிறகு சிறிது நேரம் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கலைந்த சேறு மறுபடி குழாயைக் கவ்விப் பிடிக்க நேரம் வேண்டுமல்லவா? அவசரப்பட்டு விட்டுவிட்டால் குழாய் அமிழ்ந்துபோகும்.

இந்தக் குழாய் நேராக நிற்கிறதா என்பதை எப்படி அறிவது? கொத்தனார் சுவர் கட்டும்போது ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். கண்ணாடிக்குள் ஒரு குமிழி நடுவில் வந்து நிற்க வேண்டும். கடலடியிலும் அதேதான். குழாயின் தலைப்பகுதியில் வட்டமான ரசமட்டம் ஒன்றைப் பொருத்தியே இறக்குகிறார்கள். கப்பலிலிருந்து இயக்கப்படும் ஓர் எந்திரம், ஆர்.ஓ.வி. என்று சொல்வார்கள், விளக்கும் காமிராவுமாக அருகில் போய் அந்தக் குமிழியைப் படம் பிடித்து மேலே அனுப்புகிறது. குமிழி எந்த வளையத்தில் நிற்கிறதென்று பார்த்துச் சாய்வைக் கணக்கிடுகிறார்கள். ஒரு பாகைக்குள் இருந்தால் நல்லது. அதிகம் சாய்ந்திருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் மறுபடி நடுவதும் உண்டு. அடிக்கல் கோணினால் மேலே எத்தனை திறமையாகக் கட்டினாலும் சுவர் கோணலாகத்தான் வரும். இத்தனை கோடி வெள்ளி எந்திரங்களுக்கு நடுவில் கொத்தனாரின் குமிழிக்கு இன்னும் வேலை இருப்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அந்தப் பெரிய குழாய்க்குள் அடுத்த குழாய், அதற்குள் அடுத்தது என்று இறக்கி, இடைவெளிகளில் சிமெண்டுக் குழம்பை ஊற்றி இறுக்குகிறார்கள். கடைசியில் கிணற்று வாயாக நிற்பது தடித்த உருக்காலான ஒரு கழுத்து. அதன் உள்வாய் பெரும்பாலும் பதினெட்டே முக்கால் அங்குலம். அந்தக் கழுத்தின் வெளிப்புறத்தில் வளையம் வளையமாகப் பள்ளங்கள் கடைந்திருப்பார்கள். உச்சியில் சாய்வான ஒரு பள்ளம் கண்ணாடிபோல் மழமழப்பாக இருக்கும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி மூடி. எண்ணெய்த் தொழிலாளர் இதைக் கிறிஸ்துமஸ் மரம் என்று அழைக்கிறார்கள். நிலத்துக் கிணறுகளில் வால்வுகளும் அளவிகளும் கிளை கிளையாகத் தொங்குவதைப் பார்த்து யாரோ வைத்த பெயர் அது. கடலடியில் இருப்பது மரம் போலவே தோன்றாது. இரும்புச் சட்டத்துக்குள் அடைத்த பெட்டி போல இருக்கும். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எடை 30, 50 டன்கூட வரும். எண்ணெயைத் திறப்பதும் அடைப்பதும் இதிலுள்ள வால்வுகள்தாம்.

இதைக் கப்பலிலிருந்து இறக்குகிறார்கள். நங்கூரம் போட்டு நிற்பது எளிதல்லாத ஆழம். ஆகவே கப்பல் தன் அடியிலுள்ள சுழலிகளை எல்லாத் திசையிலும் இயக்கி ஒரே இடத்தில் நிற்கிறது. வானத்துச் செயற்கைக்கோளும், கடலடியில் வைத்த ஒலிக்கருவிகளும் அதற்கு இருப்பிடம் சொல்கின்றன. தண்ணீருக்குள் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும். ஒலி போய்வரும் நேரத்தைக் கணக்கிட்டால் தூரம் தெரிந்துவிடும். கடலில் கண் செய்ய முடியாததைக் காது செய்கிறது எனலாம்.

மூடியைக் கிணற்றுக்கு நேர் மேலே வைத்து இறக்குவதில்லை. சற்று விலகிய இடத்தில் இறக்கி, அடித்தரையை நெருங்கிய பிறகுதான் மெல்ல நகர்த்திக் கிணற்றுக்கு மேலே கொண்டுவருகிறார்கள். கயிறு அறுந்து 50 டன் இரும்பு விழுந்தால், அது கிணற்று வாயில் விழக் கூடாது. தலைச்சுமையோடு வருகிறவர் குழந்தைகள் உறங்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போவாரல்லவா, அந்த எண்ணந்தான்.

அலை இன்னொரு தொல்லை. அலையேறிக் கப்பல் இரண்டு மீட்டர் எழுந்தால், கயிற்றின் கீழே தொங்கும் மூடியும் எழும். கப்பல் தாழ்ந்தால் அதுவும் தாழும். அப்படியே கிணற்றின் மேல் இறக்கினால் அம்மியில் குழவியை ஓங்கிப் போட்டது போலாகும். இதற்காகப் பாரந்தூக்கியில் ஈடுகட்டும் கருவி ஒன்று உண்டு. கப்பல் எழும்போது அது கயிற்றை விட்டுக்கொடுக்கிறது, தாழும்போது சுருட்டிக்கொள்கிறது. மேலே கப்பல் ஆடிக்கொண்டே இருக்க, கீழே மூடி அசையாமல் தொங்குகிறது. தொட்டிலை ஆட்டிக்கொண்டே பிள்ளையின் தலை குலுங்காமல் பார்த்துக்கொள்ளும் தாயின் கை ஒன்றைத்தான் நமக்கு இதற்கு ஒப்பாகச் சொல்லத் தோன்றுகிறது.

கிணற்று வாயைக் கண்டுபிடித்து மூடியை அமர்த்துவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஆழம் குறைந்த கடலில், கிணற்றைச் சுற்றி, நடுவிலிருந்து ஆறடி தள்ளி, நான்கு கம்பங்களை நிறுத்துவார்கள். ஒவ்வொரு கம்பத்திலிருந்தும் ஓர் இரும்புக் கயிறு கப்பலுக்கு வரும். அந்த நான்கு கயிறுகளையும் பிடித்துக்கொண்டு மூடி வழுக்கி இறங்கும். தவறுவதற்கு வழியில்லை. ஆயினும் ஆழம் கூடினால் கயிறுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். ஆயிரம் மீட்டருக்கு அது ஒத்துவராது.

அங்கேதான் புனல் வருகிறது. மண்ணெண்ணெய் ஊற்றும் புனல் வீட்டுக்கு வீடு இருந்த காலம் உண்டு. பாட்டிலின் வாய் சிறிது. கை நடுங்கினாலும் புனல் அகன்றிருப்பதால் எண்ணெய் சிந்தாது. மூடியின் அடியில் அப்படி அகன்ற புனல் வாய் ஒன்றைக் கவிழ்த்து வைத்ததுபோல் பொருத்தியிருக்கிறார்கள். மூடி ஓரடி விலகி வந்தாலும் கிணற்றுக் கழுத்து புனலுக்குள் அகப்பட்டுக்கொள்ளும். அதன் சரிவு மூடியை நடுவுக்குத் தள்ளும். அதற்கு மேலே குறுகலான வழிகாட்டும் பகுதி. அது அங்குலக் கணக்கில் சரிசெய்யும். கடைசியில் கடைந்தெடுத்த இருக்கை. அது தச்சர் சொல்வாரே, நூல் கணக்கு, அதையும் விட நுட்பமாகச் சரிசெய்யும். முதலில் அடி, பிறகு அங்குலம், பிறகு நூல். தொடக்கத்திலேயே நூல் கணக்காகப் பொருந்த வேண்டும் என்று அடம்பிடித்தால் எந்த மூடியும் இறங்காது. தவறு நேரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதற்கு இடம் விட்டுச் செய்திருப்பதுதான் இதன் சிறப்பு என்று நாம் கருதுகிறோம். 23,000 டன்னைத் தூக்கிய வலிமையை விட நமக்கு இந்தப் புனலின் மேல்தான் மதிப்பு அதிகம்.

திசையும் முக்கியம். மூடியிலிருந்து குழாய் புறப்படும் வாய் ஒன்று உண்டு. அது மேடைக்குப் போகும் குழாய் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். புறமுதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டால் பயனில்லை. ஆர்.ஓ.வி. தன் இரும்புக் கைகளால் மூடியைப் பிடித்து மெல்லத் திருப்பிக் கொடுக்கும். கிணற்றுக்குள்ளே தொங்கவிடும் உட்குழாயைத் திருப்புவதற்கு இன்னும் அழகான ஏற்பாடு. மூங்கிலைச் சாய்வாகச் சீவினால் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருக்குமல்லவா? அப்படிச் சீவிய உருக்குக் குழாய் ஒன்றைப் பொருத்தி, தாழ்ந்த இடத்தில் ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். இறங்கும்போது ஒரு முளை அந்தச் சரிவின் மேல் எங்கே பட்டாலும், வழுக்கி வழுக்கி வெட்டுக்குள்தான் வந்து விழும். அதனோடு சேர்ந்து குழாயும் உரிய திசைக்குத் திரும்பிவிடும். திருப்பியது யார்? அதன் சொந்தப் பாரந்தான்.

சரி, மூடி உட்கார்ந்துவிட்டது. பையன் கேட்ட நட்டு எங்கே? மூடிக்கும் கழுத்துக்கும் இடையே நட்டே இல்லை. மூடியின் உட்புறத்தில் சுற்றிலும் இரும்புப் பற்கள் இருக்கின்றன. ஆர்.ஓ.வி. ஒரு சிறு குழாய்முனையை மூடியின் பக்கவாட்டிலுள்ள துளையில் செருகித் திரவத்தை அழுத்திச் செலுத்துகிறது. பற்கள் நெருங்கி, கழுத்தின் வெளிப்புறத்தில் கடைந்த பள்ளங்களைக் கவ்விக்கொள்கின்றன. சமையலறையில் எரிவாயுத் தோம்பின் மேல் ரெகுலேட்டரை வைத்து அழுத்தினால் 'டிக்' என்று கவ்வுகிறதே, அதன் பெரிய அண்ணன் இது.

கவ்வினால் மட்டும் போதுமா? புட்டு அவிக்கும் தாய்மாரைக் கேளுங்கள். குழாயைக் குடத்தின் மேல் வைத்தால் இடுக்கு வழியே ஆவி போய்விடும். துணியைச் சுற்றி இறுக்கினால்தான் ஆவி மேலே ஏறும். கிணற்றில் துணியின் வேலையைச் செய்வது ஓர் உலோக வளையம். அது கழுத்தை விடச் சற்று மென்மையான உலோகம். பற்கள் இறுக்கும்போது வளையம் நசுங்கி, உச்சியிலுள்ள மழமழப்பான பள்ளத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மண்ணுக்குள்ளிருந்து மோதும் எண்ணெய்க்கும் கடலுக்கும் நடுவே நிற்பது இந்த வளையந்தான். அதன் மேல் ஒரு மணல் துகள் இருந்தாலும், மூடி கோணலாக இறங்கி அதைக் கீறிவிட்டாலும் கசியும். இவ்வளவு நேரம் ரசமட்டம், புனல், ஈடுகட்டும் கருவி என்று சொல்லி வந்ததெல்லாம் இந்த ஒரு வளையம் அடிபடாமல் உட்கார வேண்டும் என்பதற்காகவே.

பூட்டிய பிறகு முதலில், பற்கள் முழுவதும் கவ்வினவா என்று காட்டும் முளையை ஆர்.ஓ.வி.யின் காமிரா பார்க்கிறது. அடுத்து மேலிருந்து பல டன் விசையோடு இழுத்துப் பார்க்கிறார்கள், அசையக் கூடாது. பிறகு வளையத்தைச் சுற்றியுள்ள சிறு இடுக்குக்குள் திரவத்தை அழுத்தி, அளவியின் முள்ளைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். முள் இறங்கினால் கசிவு. தோம்பு மாற்றியதும் சோப்பு நுரை தடவிப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கசிந்தால் பூட்டைத் திறந்து, மூடியைத் தூக்கி, வேறு வளையம் போட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஒரு நாளும் இரண்டு நாளும் போகும். கப்பல் வாடகை ஏறும். இருந்தாலும் முள் நிற்கும் வரை அடுத்த வேலைக்குப் போவதில்லை.

கட்டுக்கு அடங்காத கிணற்றில் இதே வேலையைச் செய்ய நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2010ஆம் ஆண்டில் உலகம் பார்த்தது. மெக்சிகோ வளைகுடாவில், சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில், மக்கோண்டோ என்ற கிணறு ஏப்ரல் 20ஆம் நாள் வெடித்தது. டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் துளையிடும் மேடை எரிந்து மூழ்கியது. 11 தொழிலாளர் மாண்டனர். கிணற்றின் அடியில் ஊற்றிய சிமெண்டு எண்ணெயைத் தடுக்கவில்லை. கடலடியில் இருந்த அவசர அடைப்பும் கிணற்றை மூடவில்லை. மே மாதம் பெரிய இரும்புக் கூண்டு ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். வாயுவும் கடல் நீரும் அந்தக் குளிரிலும் அழுத்தத்திலும் சேர்ந்து பனிக்கட்டி போன்ற பொருளாக உறைந்து கூண்டை அடைத்துவிட்டன. அந்த முயற்சி வீணாயிற்று.

ஜூலையில் வேறு வழி எடுத்தார்கள். உடைந்த குழாயின் மிச்சத்தை ஆறு போல்ட்டுகள் பிடித்துக்கொண்டிருந்தன. எண்ணெய் பீறிட்டுக் கொண்டிருக்கும்போதே அவற்றை ஆர்.ஓ.வி.யின் உதவியோடு ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். காமிராவுக்குக் கருப்புப் புகை போன்ற எண்ணெய்தான் தெரிந்தது. அந்த இடத்தில் புதிய இணைப்புத் துண்டு ஒன்றைப் பொருத்தி, ஜூலை 12ஆம் நாள் அதன் மேல் பெரிய மூடியை இறக்கிப் பூட்டினார்கள். 15ஆம் நாள் அதன் வால்வுகளை மெல்ல மெல்ல அடைத்தார்கள். 87 நாட்களுக்குப் பிறகு எண்ணெய் நின்றது. அதற்குள் 30 லட்சம் பீப்பாய்க்கு மேல் கடலில் கலந்துவிட்டது. கரையோர மீனவர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த மூடி பொருந்தியது மூன்று மாத முயற்சிக்குப் பின்னர் என்பதை, 'ஓர் இரும்பு மூடிதானே' என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

மூடி பொருந்திய பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கிணற்றையும், கடலடியில் கிடக்கும் பெரிய குழாயையும் இணைக்க வேண்டும். இதற்கான குழாய்த் துண்டை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ள முடியாது. ஏனென்றால் மூடி எந்த இடத்தில், எந்தச் சாய்வில் உட்காரும் என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரியும். ஆகவே, தையற்காரர் ஆளை நிறுத்தி அளவெடுப்பது போல, இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள தூரம், உயர வித்தியாசம், இரு முனைகளின் சாய்வு எல்லாவற்றையும் ஒலிக்கருவிகளால் அளந்து மேலே அனுப்புகிறார்கள். அந்த அளவுக்குக் குழாயை வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து, சோதித்து, இறக்குகிறார்கள். நேர்க்குழாயாகச் செய்யாமல் மேலும் கீழுமாக வளைத்துச் செய்வதற்கும் காரணம் உண்டு. மண்ணுக்குள்ளிருந்து சூடாக வரும் எண்ணெயால் குழாய் நீளும். வளைவு அந்த நீட்சியைத் தாங்கிக்கொள்ளும். இந்தத் துண்டின் இரு முனைகளிலும் மறுபடி புனல், பற்கள், வளையம், அழுத்தச் சோதனை என்று எல்லாம் முதலிலிருந்து நடக்கும். அளவெடுத்தவர் ஒரு சாண் தவறினால் வெல்டிங் செய்தவரின் பத்து நாள் உழைப்பு பட்டறை மூலையில் கிடக்கும்.

இந்தப் பாகங்களெல்லாம் கடலில் இறங்கும் முன்னரே கரையில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கப்படுகின்றன. ஆர்.ஓ.வி. ஓட்டுபவரும் திரையில் தோன்றும் போலிக் கடலில் பலமுறை ஓட்டிப் பழகிக்கொள்கிறார். கப்பலில் அவர் இருப்பது கடலே தெரியாத ஓர் அறையில்தான். முன்னால் திரைகள், கையில் பிடிகள். ஆயிரம் மீட்டருக்குக் கீழே ஒரு கைப்பிடியைத் திருப்பும்போது அவர் நாற்காலியை விட்டு எழுவதில்லை.

எல்லா முனைகளும் சோதனையில் தேறிய பிறகு, குழாய்களுக்குள் உறைபனி போன்ற அந்தப் பொருள் உருவாகாதிருக்க மருந்து நீர் செலுத்துகிறார்கள். அதன்பின்தான் கிணற்று வால்வைத் திறக்க உத்தரவு வருகிறது. பாசிர் கூடாங்கில் பிறந்த அந்த மேடைக்கு, 2014ஆம் ஆண்டு அக்டோபரில் கடலடிக் கிணறுகளிலிருந்து எண்ணெய் ஏறத் தொடங்கியது. அங்கிருந்து கடலடிக் குழாய் வழியே சபாவின் கிமானிஸ் முனையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.